ஆகாத ஊசி

என் தொழில் கொலை. ஒளிவு மறைவு எதற்கு? ஈப்போவில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கிருமிகளை ஊட்டி வளர்த்து, அவற்றின் நடுவே மருந்தை வைத்து, மறுநாள் காலையில் எது செத்தது எது பிழைத்தது என்று அளவுகோல் வைத்துப் பார்க்கிறவள் நான். அப்படிப்பட்ட என்னையே போன வருஷம் ஒரு கிருமி காலைப் பிடித்து இழுத்து உயிரை உருவப் பார்த்தது. இப்போது நடக்கிறேன், வேலைக்குப் போகிறேன், சண்டை போடுகிறேன். ஆனால் கோயிலில் பார்த்தாலும் பாசாரில் பார்த்தாலும் "என்னா மாலா, காலுக்கு என்னா ஆச்சு?" என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். அய்யோ பாவம் என்று உச்சுக்கொட்ட வருகிறவர்கள் வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் வேலையைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நான் கத்தியதெல்லாம் எதற்கென்று புரியாது. மேக்ரோலைடு என்று ஒரு மருந்துக் குடும்பம் இருக்கிறது. எரித்ரோமைசின் அதில் மூத்தது. தொண்டைப்புண், நெஞ்சுச்சளி என்று போனால் நீங்களும் விழுங்கியிருப்பீர்கள். அது பெரிய வளையம் மாதிரி ஒரு மூலக்கூறு, ஓரத்தில் இரண்டு சர்க்கரைத் துண்டுகள் தொங்கும். கிருமியின் உடம்புக்குள் புரதம் செய்கிற இயந்திரம் ஒன்று உண்டு. அந்த இயந்திரத்தின் குழாயில் இந்த வளையம் போய் அடைத்துக்கொள்ளும். புரதம் வெளியே வராது, கிருமி வளராது.

கிருமி அதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்காது. வளையம் உட்காருகிற இடத்தில் சின்னதாக ஒரு முளையை ஒட்டி வைத்துக்கொள்ளும். வளையம் வந்தால் உட்கார இடமிருக்காது. அப்புறம் நீங்கள் எத்தனை மாத்திரை விழுங்கினாலும் வீண். எங்கள் ஆய்வுக்கூடத்தில் லியோங் என்கிற வேதியியல்காரன் அந்த வளையத்தைப் பிடித்து வைத்து, ஒரு சர்க்கரையைப் பிய்த்தெறிந்து, அந்த இடத்தில் நீளமாக ஒரு வாலை ஒட்டுவான். முளை இருந்தாலும் வால் வேறொரு இடத்தைப் பற்றிக்கொள்ளுமா என்பதுதான் கேள்வி. அவன் செய்து கொடுப்பதை நான் கிருமியின் மேல் ஏவிப் பார்ப்பேன். பெரும்பாலும் கிருமிதான் ஜெயிக்கும். அன்றைக்கெல்லாம் நான் வீட்டுக்குப் போய் என் புருஷன் குணாவிடம் எரிந்து விழுவேன்.

குணா லாரி ஓட்டுகிறவன். ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து மீன் ஏற்றிக்கொண்டு ஈப்போவுக்கு வருவான். கல்யாணத்துக்கு முன்பிருந்தே எங்களுக்குள் நீ, வா, போதான். சின்ன வயதில் ஈப்போவின் சிலிபின் பக்கம் நாலு அடிதடிகளில் இருந்தவன். இப்போது என்னிடம் மட்டும்தான் அடி வாங்குகிறான்.

வந்த வினை அவனுடைய மோட்டார் சைக்கிளிலிருந்துதான். மழைக்குப் பயந்து அவசரமாக இறங்கியபோது சூடாக இருந்த புகைக்குழாய் என் கெண்டைக்காலில் ஒட்டிக்கொண்டது. நம் ஊரில் பாதிப் பேர் காலில் இந்தத் தழும்பு இருக்கும். நான் பற்பசையைத் தடவிவிட்டுச் சமைக்கப் போனேன். கொப்புளம் உடைந்து சீழ் வைத்தது. கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் பெனிசிலின் வகை மாத்திரை எழுதப் போனார்.

"பெனிசிலின் அலர்ஜி டாக்டர். சின்ன வயசுலேருந்து ஆகாது."

"அப்ப எரித்ரோமைசின் கொடுக்கவா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது நம்ம வீட்டுப் பிள்ளை டாக்டர். தாராளமா கொடுங்க," என்றேன். பெருமையோடு வாங்கி விழுங்கினேன்.

மாத்திரை தீர்வதற்குள் கால் சிவந்து, சிவப்பு ஊதாவாகி, ஊதா கறுத்தது. வலி என்றால் சாதாரண வலி இல்லை. சதைக்குள் யாரோ கம்பியைச் செருகி முறுக்குவதாக இருந்தது. போர்வை பட்டாலும் அலறினேன். குணா மீன் நாற்றத்தோடு வந்தான், என் முகத்தைப் பார்த்தான், தூக்கிக்கொண்டு ஓடினான்.

பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவில் சிவப்பு எதுவரை இருக்கிறது என்று பேனாவால் என் காலில் கோடு போட்டார்கள். பெயரெழுதி, ரத்தம் எடுத்து, படம் பிடித்து முடிப்பதற்குள் சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. அறுவை நிபுணர் டாக்டர் ஹனிசா வந்தார். குள்ளமான மலாய்க்காரம்மா, பேச்சு ரொம்பக் கம்மி. கெண்டைக்காலை ஒரு விரலால் அழுத்தினார். தோலுக்கடியில் நறநறவென்று காற்று நகர்ந்தது. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

சதை தின்னும் இந்த நோயில் கிருமி தோலுக்கும் தசைக்கும் நடுவே இருக்கிற உறை வழியாக ஓடும். ஓடுகிற பாதையில் ரத்தக்குழாய்களை அடைத்துச் சதையைச் சாகடிக்கும். செத்த சதைக்கு ரத்தம் போகாது, ரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. அதனால் கத்திதான் முதல் மருந்து. செத்ததையெல்லாம் வெட்டி எறிய வேண்டும், ரத்தம் வருகிற இடம்வரைக்கும். ரத்தம் வந்தால் உயிருள்ள சதை என்று அர்த்தம். டாக்டர் ஹனிசா அன்றே என்னை அறுத்தார். மறுநாளும் அறுத்தார். அதற்கு அடுத்த நாளும்.

காயத்தை மூடித் தைக்க மாட்டார்கள். திறந்தே விட்டுத் துணியை அடைத்து வைப்பார்கள். காலையில் அந்தத் துணியை உரிப்பார்கள். மிஸ்ஸி பரமேஸ்வரி, செமோர் ஊர்க்கார நர்ஸ், ஈரம் ஊற்றி ஊற்றித்தான் எடுப்பாள். "அக்கா, கொஞ்சம் தாங்கிக்குங்க, முடிஞ்சிரும்," என்பாள். நான் தாங்கிக்கொள்ளவில்லை. கெட்ட வார்த்தை எனக்கு இத்தனை தெரியும் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. தமிழில் தீர்ந்ததும் மலாயில் ஆரம்பித்தேன். எதிர்ப் படுக்கையிலிருந்த மலாய்க் கிழவி காதைப் பொத்திக்கொண்டார். ஆனால் சாயங்காலம் அவருடைய மகள் கொண்டு வந்த பேரீச்சம்பழத்தில் பாதியை எனக்குக் கொடுத்தனுப்பினார்.

குணா இதைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருப்பான். ஒருநாள் தாங்க முடியாமல் உள்ளே பாய்ந்திருக்கிறான். காவலாளி சட்டையைப் பிடித்து இழுக்க, இவன் அவனைச் சுவரோடு சாய்த்துக் கழுத்தில் கையை வைத்துவிட்டான். பரமேஸ்வரிதான் நடுவில் புகுந்தாள்.

"அண்ணே, நீங்க போலீஸ் ஸ்டேஷன்ல உக்காந்திருந்தா அக்காவுக்கு யாரு கஞ்சி ஊட்டுறது? வெளியே போங்க லா."

அவன் காவலாளியிடம் மன்னிப்புக் கேட்டு, அவனுக்கும் சேர்த்து ஒரு தே தாரிக் டீ வாங்கிக்கொண்டு வந்தானாம். அதற்கப்புறம் அந்தக் காவலாளி பார்வை நேரம் முடிந்தாலும் குணாவை விரட்டியதில்லை.

மருத்துவமனை ஆய்வுக்கூடத்திலிருந்து முடிவு வந்தது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி. எரித்ரோமைசினுக்கு அசையாது. டாக்டர் ஹனிசா குணாவுக்குப் புரியட்டும் என்று மலாயிலேயே, கிருமி 'கெபால்' ஆகிவிட்டது என்றார். கெபால் என்றால் வெட்டினாலும் வெட்டு விழாத உடம்பு. சண்டைக்காரர்கள் மந்திரவாதியிடம் போய் வாங்கிக்கொண்டதாகச் சொல்லித் திரிவார்கள்.

"எங்க செட்டுல ஒருத்தன் கெபால் வாங்கிட்டேன்னு சொல்லி பாராங் கத்திக்கு முன்னால போய் நின்னான்," என்றான் குணா.

"அப்புறம்?"

"முதுகுல முப்பது தையல்."

நான் சிரிக்கவில்லை. அறிக்கையில் இன்னொரு வரி இருந்தது. அது என்னவென்று அந்த வார்டிலேயே எனக்குத்தான் நன்றாகத் தெரியும், ஏனென்றால் அந்தச் சோதனையை நான் வாராவாரம் செய்கிறேன். கிருமி பரப்பிய தட்டில் எரித்ரோமைசின் வில்லையையும் கிளிண்டாமைசின் என்கிற இன்னொரு மருந்தின் வில்லையையும் பக்கத்துப் பக்கத்தில் வைப்போம். கிளிண்டாமைசினைச் சுற்றிக் கிருமி செத்து வட்டமாக இடம் தெளியும். ஆனால் சில கிருமிகளில் அந்த வட்டம் எரித்ரோமைசின் இருக்கிற பக்கம் மட்டும் தட்டையாகி, ஆங்கில எழுத்து டி (D) மாதிரி நிற்கும். எரித்ரோமைசின் அந்தக் கிருமியைக் கொல்லவில்லை, உசுப்பிவிட்டிருக்கிறது என்று அர்த்தம். மருந்தின் வாசம் பட்டதும் கிருமி முளையை ஒட்டிக்கொண்டு, கிளிண்டாமைசினையும் சேர்த்து உதைத்துத் தள்ளுகிறது. என் கிருமி டி. நான் பெருமையோடு விழுங்கினேனே, அந்த மாத்திரைதான் அதைத் தட்டி எழுப்பிக் கையில் ஆயுதத்தைக் கொடுத்திருக்கிறது. கோபத்தில் எனக்குப் பல் கிட்டித்துவிட்டது.

வேறொரு பெரிய மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். என் சிறுநீரகம் அதைத் தாங்காமல் படுத்துக்கொண்டது. மூத்திரம் குறைந்தது, முகம் வீங்கியது. மருந்தைக் குறைத்தால் காய்ச்சல் ஏறியது. டாக்டர் ஹனிசா படுக்கையோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"மாலா, இந்தக் கிருமியைக் கொல்வதில் பெனிசிலினை அடிக்க ஆளில்லை. உனக்கு அது கூடாது. அடுத்த முறை திறக்கும்போது தசை கறுத்திருந்தால் முட்டிக்கு மேலே எடுத்துவிடுவேன். காலா நீயா என்றால் எனக்கு நீதான் வேண்டும்," என்றார் மலாயில்.

என் மணிக்கட்டில் சிவப்புப் பட்டை கட்டியிருந்தார்கள், பெனிசிலின் ஒவ்வாமை என்று. அதைப் பல்லால் கடித்துப் பிய்க்கப் பார்த்தேன்.

லியோங் அன்று சாயங்காலம் ஆரஞ்சுப் பழங்களோடு வந்தான். பழத்தை வைக்கக்கூட விடவில்லை நான்.

"நாற்பத்தேழைக் கொண்டு வா," என்றேன்.

நாற்பத்தேழு எங்கள் வளையங்களில் ஒன்று. டி கிருமிகளைத் தட்டில் துடைத்துப் போட்ட ஒரே வளையம். மூன்று வருஷ உழைப்பு. என் காலில் இருக்கிற கிருமியையும் அது கொல்லும் என்று எனக்குச் சத்தியமாகத் தெரியும்.

லியோங் என்னையே பார்த்தான். அது ஒரு எலிக்குக்கூடப் போட்டுப் பார்க்காத பொருள், உனக்குப் பைத்தியமா என்றான்.

"என் உடம்பு. என் கால். நான் கையெழுத்துப் போடறேன். ஒரு ஊசியில் ஏத்தி எடுத்துட்டு வா."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு மெதுவாகச் சொன்னான். நான் படுத்த வாரத்தில் நாற்பத்தேழை ரத்தத்தில் விட்டுப் பார்த்திருக்கிறான். சிவப்பணுக்கள் எல்லாம் வெடித்துவிட்டன. சோதனைக் குழாய் முழுக்கச் செர்ரி பானம் மாதிரி ஆகிவிட்டதாம். அந்த வால் கிருமியையும் கொல்லும், மனுஷனையும் கொல்லும். நான் எழுந்து வந்ததும் சொல்லலாம் என்று வைத்திருந்தானாம்.

தண்ணீர்ப் புட்டி கையில் அகப்பட்டது. எடுத்து அவன் மேல் வீசினேன். நெற்றியில் பட்டு ரத்தம் வந்தது. அவன் துடைத்துக்கொண்டான், ஆரஞ்சை உரித்தான், ஒரு சுளையை என் வாயில் வைத்தான். நான் அழுதுகொண்டே தின்றேன். எனக்கு அவமானமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. கடைசிக் கதவும் சாத்தியாகிவிட்டது.

மறுநாள் காலையில் தொற்றுநோய்ப் பிரிவிலிருந்து ஒரு இளம் டாக்டர் வந்து ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டார். பெனிசிலின் போட்டபோது என்ன ஆனது? தடிப்பா, மூச்சுத் திணறலா, மயக்கமா?

எனக்குத் தெரியவில்லை. நினைவு தெரிந்த நாளாக எனக்கு அது ஆகாது, அவ்வளவுதான். பள்ளிக்கூட அட்டையிலும் அப்படித்தான், மருத்துவமனைக் கோப்பிலும் அப்படித்தான்.

"ஒங்கம்மாவுக்குத் தெரியும்ல?" என்றான் குணா. என் அம்மா ஹுத்தான் மெலிந்தாங்கில் என் தம்பி வீட்டில் இருக்கிறார். குணா போனைப் போட்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி படுக்கையில் வைத்தான்.

"அத்தே, மாலாவுக்கு பெனிசிலின் போட்டப்ப என்னா செஞ்சுச்சு? ஒடம்பு தடிச்சுச்சா?"

"தடிக்கலையே மாப்ள. எதுக்குத் தடிக்கணும்?"

"அலர்ஜின்னு எழுதியிருக்கு, அத்தே."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் ஊசி ஆகாதுன்னுதான் சொன்னேன். அவளுக்கு ஊசின்னா ஆகவே ஆகாது. சின்னப் புள்ளையில எஸ்டேட்டுத் தோட்டத்துல நெஞ்சுச்சளி வந்து கெடந்தாளா, ஆஸ்பத்திரி டிரெசரு ஊசி போட வந்தாரு. கையக் கவ்வுனா பாரு, வுடவே மாட்டேன்னுட்டா. அவரு கையில சதை பேந்துருச்சு. நாலு பேரு புடிச்சு அமுக்கித்தான் குத்துனோம்."

குணா என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

"குத்துனது பெனிசிலினா, அத்தே?"

"அப்ப எல்லா ஊசியும் பென்சிலின் ஊசிதான் மாப்ள, வேற என்னா இருந்துச்சு? மறுநாளும் குத்துனாரு, அதுக்கு மறுநாளும் குத்துனாரு. சளி போய் ஓடியாடித் திரிஞ்சா. அதுலேருந்து எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முன்கூட்டியே சொல்லி வச்சிருவேன், இவளுக்கு பென்சிலின் ஊசி ஆகாதுன்னு. பாவம், மிஸ்ஸிங்க கை என்னாத்துக்கு ஆகும்?"

மாமியாருக்கும் மருமகளுக்கும் ஆகாது என்போமே, அந்த 'ஆகாது'. யாரோ ஒரு புண்ணியவான் அதை மலாயில் எழுதும்போது 'ஒவ்வாமை' ஆக்கிவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. என் அம்மா சொன்னதிலும் தப்பில்லை, நல்ல தமிழ்தான். நானே அதைக் கேட்டு வளர்ந்து, கிருமிகளைப் பற்றிப் படித்து, கிளினிக் கிளினிக்காகப் போய் அலர்ஜி என்று திருத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா மட்டும் அந்த நிமிஷம் கைக்கெட்டிய தூரத்தில் இருந்திருந்தால் கழுத்தை நெரித்திருப்பேன். போன் இன்னும் பேசிக்கொண்டிருந்தது. "ஏன் மாப்ள, என்னா ஆச்சு? புள்ள சாப்ட்டாளா?"

பரமேஸ்வரி அந்தப் பேச்சை டாக்டருக்கு மலாயில் சொல்லி முடித்தபோது அவருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. ஆனாலும் அம்மாவின் பேச்சை நம்பி நேராக ஏற்றிவிட மாட்டார்கள். நிஜமாகவே ஒவ்வாமை இருந்தால் தொண்டை வீங்கி, ரத்த அழுத்தம் விழுந்து, கண்ணெதிரே போய்விடலாம். முதலில் தோலில் துளியளவு குத்திப் பார்த்தார்கள். பிறகு நரம்பில் கொஞ்சம். பக்கத்தில் இதயத்தை உதைத்து எழுப்பும் ஊசியும், மூச்சுக்குழாயும் தயாராக இருந்தன. குணா என் தாடையைப் பிடித்துக்கொண்டான். "கடிச்சிராதே லா," என்றான்.

காத்திருந்தோம். காது அரித்தால்கூடப் பயந்தேன். தொண்டையில் எச்சில் இறங்குகிறதா என்று விழுங்கி விழுங்கிப் பார்த்தேன். இறங்கியது. திரும்பத் திரும்ப இறங்கியது. டாக்டர் கத்தரியை எடுத்து என் கையிலிருந்த சிவப்புப் பட்டையை வெட்டிக் குப்பையில் போட்டார். முழு அளவு பெனிசிலின் ஓட ஆரம்பித்தது. உலகத்திலேயே கிழட்டு மருந்து, யாரும் வாலும் ஒட்டவில்லை, வளையமும் மாற்றவில்லை. அதன்முன் இந்தக் கிருமிக்கு இன்றுவரை எந்த ஆயுதமும் அகப்படவில்லை.

ஆனால் அதற்குள் எவ்வளவு செத்துப்போயிருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. காய்ச்சல் இறங்கியது, கால் மட்டும் கறுப்பாகவே கிடந்தது. மறுபடியும் ஆபரேஷன் தியேட்டர். தேவைப்பட்டால் முட்டிக்கு மேல் எடுக்கச் சம்மதம் என்கிற தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்ட அழுத்தத்தில் தாள் கிழிந்தது. புதுத் தாள் கொண்டு வந்தார்கள், அதிலும் போட்டேன். தள்ளிக்கொண்டு போகும்போது குணா கூடவே நடந்து வந்தான்.

கண் விழித்தபோது உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது. வாய் உலர்ந்திருந்தது. குணா படுக்கையின் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தான். அவனுடைய அப்பா செத்தபோதுகூட அவன் இப்படி அழுது நான் பார்த்ததில்லை. போய்விட்டது என்று நினைத்தேன். எனக்குள் எல்லாம் இடிந்து விழுந்தது.

"எடுத்துட்டாங்களா?"

கையை ஆட்டினான். ஆமாம் என்கிறானா இல்லை என்கிறானா தெரியவில்லை. எனக்கு வெறி ஏறிவிட்டது. அவன் சட்டைக் காலரைப் பிடித்து என் முகத்துக்கு இழுத்தேன்.

"வாயத் தொறந்து சொல்லுடா! இருக்கா இல்லையா?"

"ரொம்ப வெட்டிட்டாங்க, மாலா. கட்டு மாத்தறப்ப பாத்துட்டேன். எலும்பு தெரியுது."

"இருக்கா இல்லையா?"

அவன் மறுபடியும் அழுதான். அறைந்தேன். படுத்தபடியே, குழாய் செருகியிருந்த கையாலேயே பளாரென்று கன்னத்தில் அறைந்தேன். ஊசி பிடுங்கிக்கொண்டு விரிப்பெல்லாம் ரத்தம். போர்வையை நானே உதறினேன்.

தலையணை பருமனுக்குக் கட்டு. அதன் நுனியில் ஐந்து விரல்கள். வீங்கி, மஞ்சள் மருந்து பூசி, நகம் கறுத்து, அசிங்கமாக நின்றன. கண்ணால் பார்த்தும் நான் நம்பவில்லை. மரத்துப்போன கட்டையைக்கூட ஒட்டி வைத்திருப்பார்கள்.

"கிள்ளு," என்றேன்.

"வேணாம் லா."

"கிள்ளுடா! நல்லா நகத்தை வச்சுக் கிள்ளு."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் பெருவிரலைப் பிடித்து, நகம் பதியக் கிள்ளினான். நெருப்பு முட்டியைத் தாண்டி இடுப்புவரை ஏறியது. வார்டே திரும்பிப் பார்க்கும்படி அலறினேன். பரமேஸ்வரி ஓடி வந்தாள். குணா பயந்துபோய்க் கையை எடுத்துக்கொண்டான்.

"எடுக்காதே," என்றேன். "இன்னொரு தடவை கிள்ளு."